அப்புத்தளை விளிம்பும் ஒன்பது கிலோமீற்றர் கட்டமும்

ஊவா மாகாணத்தில் பிற்பகலிலோ இரவிலோ சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யும் என்று வானொலி சொல்கிறது. ஒக்டோபர் மாதத்தில் எந்த நாள் கேட்டாலும் ஏறக்குறைய இதுதான் செய்தி. பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது. ஆனால் ஊவாவின் பரப்பு 8,500 சதுர கிலோமீற்றர். அதற்குள் 1,400 மீற்றருக்கு மேலே அப்புத்தளை இருக்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் 20 கிலோமீற்றருக்குள் வெல்லவாயச் சமவெளி வெயிலில் காய்ந்து கிடக்கிறது. பசறையில் வெள்ளம் புரளும் மாலையில் பண்டாரவளைக் கடைத்தெருவில் குடை விரிக்காமல் நடக்கலாம். ஆகவே சரியாகப் பலித்த எதிர்வுகூறல்கூட மருந்தடிக்க ஆள் போடும் கணக்கப்பிள்ளைக்கோ, மழை இறங்கினால் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, திரும்ப வேண்டிய பெண்ணுக்கோ, சரிவுக்குக் கீழே லயத்தில் பிள்ளைகளோடு படுத்திருப்பவருக்கோ உதவாமல் போகிறது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது எந்த மலை, எத்தனை மணி, எவ்வளவு என்பதுதான்.

இந்தக் கேள்விகளை இன்றைய கணினி மாதிரிகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு நெருங்கியிருக்கின்றன, எங்கே தடுக்கி நிற்கின்றன என்று பார்க்க ஊவாவைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை என்பேன். இங்கே மழையை வானம் பாதி தீர்மானிக்கிறது, மலை பாதி தீர்மானிக்கிறது.

முதலில் காற்று. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் கம்பளி உலராத காலம் அது. அதே நாட்களில் பதுளையில் புழுதி பறக்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்கிறது, முகிலாகிறது, மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையுச்சியைத் தாண்டும்போது அதில் ஈரம் குறைவு. கணக்குக்காக 500 மீற்றர் உயரத்தில் 24 பாகை செல்சியஸில் இருக்கும் நிறைவுற்ற காற்றை எடுத்துக்கொள்வோம். முகிலுக்குள் ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 5 பாகை இழக்கும், ஏனென்றால் நீராவி துளியாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியைப் பாதி ஈடுசெய்துவிடுகிறது. 2,000 மீற்றரை எட்டும்போது அது 16.5 பாகையில் இருக்கும். மறுபக்கம் இறங்கும்போது முகில் இல்லை, ஈடுசெய்ய ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 பாகை வீதம் சூடேறும். பதுளை நகரின் உயரமான சுமார் 700 மீற்றருக்கு அது வந்து சேரும்போது 29 பாகைக்கு மேல். புறப்பட்ட இடத்தைவிட உயரமான இடம், ஆனாலும் புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடு. ஈரமோ மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

இதுதான் ஊவாவின் கச்சான். மானாப்புல் மலைகளில் தீப் பிடிப்பதும் இந்தக் காலத்தில்தான், ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசனை ஏறுவதும் இந்தக் காலத்தில்தான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்றில் செடி தன் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது, வளர்ச்சி மந்தமாகிறது, கொழுந்தில் மணப்பொருள்கள் செறிகின்றன. அவற்றில் முக்கியமானது மெத்தில் சலிசிலேட். வலித்தைலப் புட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறும் அதே மணம். கச்சான் பத்து நாள் பிந்தினால் தொழிற்சாலையின் அந்த வருடக் கணக்கே மாறிப்போகும்.

மார்கழியில் காற்று திரும்பிவிடுகிறது. வாடை வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து வந்து மடுல்சீமை, லுணுகலை, பசறை மலைகளிலும் 2,036 மீற்றர் உயர நமுனுகுலவின் கிழக்கு முகத்திலும் மோதுகிறது. இந்த இரண்டு பருவக்காற்றுகளையும் உலக மாதிரிகள் ஓரளவு நன்றாகவே பிடித்துவிடுகின்றன. அவை பெரியவை, மெதுவானவை, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் விரிந்தவை. சிக்கல் இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில். பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று பலமில்லாமல் கிடக்கும். காலை பளிச்சென்று விடியும். சரிவுகள் சூடேறும், இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே வரும், பகல் இரண்டு மணியளவில் மலைமேல் முகில் குவியும். ஓர் இடிமுகிலின் குறுக்களவு ஐந்து, பத்து கிலோமீற்றர். ஆயுள் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மலையில் 60 மில்லிமீற்றர் கொட்டிவிட்டு, அடுத்த மலையில் தரையைக்கூட நனைக்காமல் கலைந்துபோகும்.

இனி மாதிரி. வளிமண்டலத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பம், அமுக்கம், ஈரம், காற்று ஆகியவற்றை எழுதி, இயற்பியல் சமன்பாடுகளால் அடுத்த சில விநாடிகளுக்கு நகர்த்துவதுதான் வேலை. அதையே ஆயிரக்கணக்கான தடவை திரும்பச் செய்தால் நாளைய வானிலை வரும். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டே இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். 1910 மே 20-ஆம் திகதியின் தரவை எடுத்து, ஆறு மணி நேரத்தில் அமுக்கம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டார். 145 ஹெக்டோபாஸ்கல் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அமுக்கம் அசையவே இல்லை எனலாம். 1922-இல் வெளியிட்ட நூலில் அந்தத் தோல்வியை ஒளிக்காமல் அச்சிட்டார். அவருடைய சமன்பாடுகளில் பிழையில்லை என்பது பிற்பாடு தெளிவானது. தொடக்கத்தில் கொடுத்த காற்று, அமுக்க அளவீடுகள் ஒன்றுக்கொன்று இசைவாக இல்லாததுதான் காரணம். நூறு வருடம் கழித்தும் வானிலைக் கணிப்பின் நோய் பெரும்பாலும் அதேதான்: கணக்கு சரி, கொடுத்த தரவு போதாது.

பெட்டி எவ்வளவு பெரியது என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையத்தின் உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அமெரிக்காவின் மாதிரியில் 13. இந்தியா 2025 மே 26-ஆம் திகதி தொடக்கிவைத்த பாரத் முன்னறிவிப்பு முறைமையில் 6. அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு நேர்கோட்டில் 27 கிலோமீற்றர், ஐரோப்பிய மாதிரிக்கு அது மூன்றே கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தான் உண்டு. அப்புத்தளை விளிம்பும் அதன் காலடியில் பல நூறு மீற்றர் கீழே கிடக்கும் கொஸ்லந்தைத் தோட்டங்களும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் இரண்டுக்கும் நடுவான ஒரு சராசரி உயரம் கொடுக்கப்படும். கரடுமுரடான கல்வேலி மேல் ஈரக் கம்பளியைப் போர்த்தினால் எப்படியோ, அப்படித்தான் அந்த மாதிரிக்கு ஊவா மலைகள் தெரிகின்றன. மேடு இருக்கிறது, விளிம்பு இல்லை. காற்றை மேலே தூக்கி எறிவது அந்த விளிம்பு. அது இல்லாவிட்டால் மழை கொட்ட வேண்டிய இடத்தில் தூறலாகப் பரவிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 9 கிலோமீற்றர் கட்டம் என்றால் 9 கிலோமீற்றர் அளவுள்ளவை தெரியும் என்று அர்த்தமில்லை. ஒரு காற்றோட்டத்தை நம்பிக்கையோடு சித்திரிக்க ஆறேழு கட்டங்களாவது வேண்டும். அதாவது ஐம்பது, அறுபது கிலோமீற்றருக்குச் சிறியவை எல்லாம் மங்கல்தான். இடிமுகிலுக்கு அங்கே இடமே கிடையாது. எனவே இத்தனை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்தக் கட்டத்தில் எங்கோ இத்தனை மழை பெய்திருக்கும் என்று ஒரு தோராய விதியால் மாதிரி சமாளிக்கிறது. வெப்பமண்டல மலைநாட்டில் இந்த விதி பிற்பகலில் பெய்ய வேண்டிய மழையைச் சில மணி நேரம் முன்பே பெய்வித்துவிடும், கொட்டுவதைப் பரப்பிவிடும்.

கட்டம் 3, 4 கிலோமீற்றருக்குக் கீழே வரும்போது நிலைமை மாறுகிறது. தோராய விதியைக் கழற்றிவிட்டு, மேலெழும் காற்றையே நேரடியாகக் கணக்கிடலாம். முகில் மாதிரிக்குள்ளேயே பிறக்கிறது, வளர்கிறது, தன் குளிர்காற்றால் பக்கத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறது. சுவிற்சர்லாந்தின் வானிலைச் சேவை தன் மலைகளுக்கு ஏறத்தாழ 1 கிலோமீற்றர் கட்டத்தில் மாதிரி ஓட்டுகிறது. இலவசமாகக் கிடைக்கும் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற பிராந்திய மாதிரியைக் கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களமும் பயன்படுத்துகிறது. ஆனால் விலை கனமானது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடாதபடி நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக எட்டு மடங்கு வேலை. 9 கிலோமீற்றரிலிருந்து 1 கிலோமீற்றருக்கு இறங்கினால் 729 மடங்கு. உலகம் முழுதுக்கும் இதைச் செய்ய இயலாததால்தான் உலக மாதிரிக்குள் சிறு பிரதேச மாதிரி ஒன்றைப் பதிக்கிறார்கள். எல்லையில் பெரிய மாதிரி சொல்லும் காற்றும் ஈரமும் உள்ளே வரும். பெரியது பிழையாகச் சொன்னால் சிறியது அதே பிழையை மிக நுட்பமாக வரைந்து காட்டும்.

நுட்பமான படம் கண்ணுக்குக் கவர்ச்சியானது. அதனால்தான் அதனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீற்றர் மாதிரி பசறைக்கு மேலே பகல் மூன்று மணிக்கு ஓர் இடிமுகிலை வைக்கிறது என்று கொள்வோம். உண்மையில் அது 15 கிலோமீற்றர் தள்ளி ஹாலிஎலவில் கொட்டுகிறது. மதிப்பெண் போடுபவர் இரண்டு தடவை தண்டிப்பார்: பெய்யாத பசறையில் பெய்யும் என்றதற்கு ஒன்று, பெய்த ஹாலிஎலவில் சொல்லாததற்கு இன்னொன்று. ஊவா முழுவதும் கொஞ்சம் மழை என்று சொன்ன மங்கலான மாதிரி அந்தக் கணக்கில் மேலாகத் தெரியும். ஆனால் இங்கே கடும் மழை பிறக்கக்கூடிய நாள் இது என்பதை நுட்ப மாதிரிதான் கண்டுபிடித்தது. ஆகவே இப்போது புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடாமல், சுற்றுவட்டாரத்தில் எத்தனை பங்கில் பெய்தது என்று ஒப்பிடும் முறைகள் வந்திருக்கின்றன. அதோடு ஒரே மாதிரியைச் சற்றே மாறுபட்ட தொடக்கங்களோடு இருபது, முப்பது தடவை ஓட்டி, அவற்றில் எத்தனை நமுனுகுலச் சரிவில் 100 மில்லிமீற்றருக்கு மேல் காட்டுகின்றன என்று எண்ணுகிறார்கள். முப்பதில் பன்னிரண்டு என்றால் நாற்பது சதவீத வாய்ப்பு. மலைநாட்டுக்கான நேர்மையான எதிர்வுகூறல் இந்த வடிவத்தில்தான் வர முடியும். எட்வர்ட் லோரன்ஸ் 1960-களில் காட்டியபடி, சிறியவற்றின் எதிர்காலம் சீக்கிரமே கலங்கிவிடும். ஓர் இடிமுகிலுக்கு அந்தக் கால அளவு சில மணித்தியாலங்கள்தான்.

அந்தச் சில மணித்தியாலங்களை நீட்டிக்க ஒரே வழி, மாதிரிக்கு இப்போது என்ன நடக்கிறது என்று அடிக்கடி சொல்வது. மாதிரியின் முந்தைய கணிப்பையும் புதிய அளவீட்டையும் பக்கத்தில் வைத்து, எதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று எடைபோட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு புதிய தொடக்க நிலையைக் கட்டுவதற்குத் தரவு உள்வாங்கல் என்று பெயர். பெய்த மழையை உள்வாங்குவது கடினம். பெய்வதற்கு முந்தைய ஈரமும் காற்றும் அமுக்கமும் இதைவிட உதவும். நில அளவைக்குப் பயன்படும் ஜி.பி.எஸ். ஏற்பிகள்கூட இதற்கு உதவுகின்றன. செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞை ஈரமான காற்றின் ஊடே வரும்போது மிகச் சிறிதளவு தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் தலைக்கு மேலே எவ்வளவு நீராவி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஊவாவுக்கு மேலே கண்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் இன்சாட் வரிசைச் செய்மதி ஒன்று 82 பாகை கிழக்கு நெட்டாங்கில், ஏறக்குறைய நம் நெட்டாங்கிலேயே நின்று முகில்களின் உச்சியைப் பார்க்கிறது. ஆனால் மழை பெய்வது முகிலின் அடியில். அதைப் பார்க்க ராடார் வேண்டும். ஜப்பானின் உதவியுடனான டொப்ளர் ராடார் திட்டத்தில் புத்தளமும் பொத்துவிலும் இடங்களாகக் குறிக்கப்பட்டன. பொத்துவில் கரையில் ஒரு ராடார் நிற்பதாக வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்து நமுனுகுல சுமார் 80 கிலோமீற்றர். அரைப் பாகை சாய்வில் அனுப்பும் கதிர் அந்தத் தூரத்தில் 1,100 மீற்றர் உயரத்தில்தான் போகும், மலையோ 2,036 மீற்றர். கதிர் மலையில் முட்டி நின்றுவிடும். மலைக்கு மேலால் போகுமளவு நிமிர்த்தினால், பின்னால் கிடக்கும் தெமோதரை, ஹாலிஎல பள்ளங்களுக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 2 கிலோமீற்றருக்கும் அதிக உயரத்தில் அது பறந்துவிடும். கீழே நடப்பது அதற்குத் தெரியாது. கிழக்கிலிருந்து வரும் மழைக்கூட்டத்தை முன்கூட்டியே காட்ட அந்த ராடார் மிக அவசியம். ஆனால் பள்ளத்தாக்குக்குள் என்ன விழுந்தது என்று அறிய மலையிலேயே ஒரு மழைமானி நிற்கத்தான் வேண்டும்.

அந்த மழைமானி தோட்டங்களில் நூறு வருடங்களுக்கு மேலாக நிற்கிறது. பங்களாவுக்கு முன்னாலோ தொழிற்சாலைக்குப் பக்கத்திலோ, கம்பி வேலிக்குள், உருளை வடிவப் பாத்திரம் ஒன்று. உள்ளே புனல், அடியில் போத்தல். காலை 8.30-க்கு எழுதுவினைஞர் போய், போத்தலை எடுத்து, கோடிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீர்மட்டத்தின் வளைந்த அடிவிளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதுவார். “ஐயா, ராத்திரி எவ்வளவு விழுந்திச்சி?” என்று கங்காணி கேட்பார். “நாப்பத்திரெண்டு” என்றால் இன்று எந்த மலையில் உரம் போடக்கூடாது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். கொழும்பு வானாய்வு நிலையம் 1907-இல் எழும்புவதற்கு முன்பே இலங்கையின் மழைக்கணக்கில் தோட்டத்து எண்கள் இருந்தன. பதுளை, பண்டாரவளை, தியத்தலாவையில் திணைக்களத்தின் நிலையங்கள் உண்டு. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பிராந்திய நிலையம் உண்டு. ஆனால் எண்ணிக்கையில் தோட்டங்களோடு எதுவும் போட்டியிட முடியாது.

அந்த எண்களில் குறைகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும். நட்டபோது வெட்டவெளியாக இருந்த இடத்தில் முப்பது வருடத்தில் சவுக்கு மரம் வளர்ந்து மழையை மறைத்திருக்கும். புனலில் இலை அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை யாரும் வாசிக்காமல் விட்டு, திங்கட்கிழமைக் கணக்கில் இரண்டு நாள் மழை சேர்ந்து விழும். பலத்த காற்றில் துளிகள் புனலின் வாயைத் தாண்டிப் பறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 24 மணி நேரத்துக்கு ஓர் எண்தான் கிடைக்கிறது. இரவு முழுக்க விடாமல் தூறிய 80 மில்லிமீற்றரும், ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கொட்டித் தீர்த்த 80 மில்லிமீற்றரும் பதிவேட்டில் ஒன்றே. சரிவுக்கு அவை ஒன்றல்ல. மாத முடிவில் தபாலில் போகும் பதிவேடு நாளைய எதிர்வுகூறலுக்கும் உதவாது.

தன்னியக்க மழைமானி இந்தக் குறையைத் தீர்க்கிறது. புனலுக்கு அடியில் சிறு ஊஞ்சல் போல இரு குழிகள் கொண்ட ஒரு வாளி. 0.2 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் ஒரு பக்கம் சரிந்து கொட்டும், மறுகுழி மேலே வரும். ஒவ்வொரு சரிவும் ஒரு மின்துடிப்பு, தொலைபேசி வலையமைப்பு வழியாகச் சில நிமிடங்களில் கொழும்புக்குப் போய்விடும். மிகக் கடும் மழையில் வாளி சரிவதற்குள் கொஞ்சம் நீர் தவறிப்போகும், ஆகவே உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். ஆபத்தான நேரத்தில் குறைத்துச் சொல்கிறது என்பதை எச்சரிக்கை விடுப்பவர் மறக்கக்கூடாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நூற்றுக்கணக்கில் இவற்றை நிறுவியிருக்கிறது. அது வகுத்த எச்சரிக்கை எல்லைகள் மலைநாட்டில் எல்லோரும் அறிய வேண்டியவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100-ஐத் தாண்டினால் வெளியேறத் தயார். 150-ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும்.

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளும் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் புதைந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பை மாற்ற வேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. எந்த இடம் என்பது தெரிந்திருந்தது. தெரியாமல் போனது எந்தக் காலை என்பது. மாற்று வீடு கட்டிக் கொடுக்காத ஒன்பது வருடக் குற்றத்தை எந்த உயர்நுட்ப மாதிரியும் ஈடுசெய்யாது, அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் எல்லோருக்கும் வீடு கட்டி முடியும்வரை அந்தச் சரிவுகளின் கீழே மக்கள் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அதுவரை அவர்களுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது ஓர் எதிர்வுகூறலும் ஓர் அளவீடும்தான்.

மண் சரிவது ஒரு நாள் மழையால் மட்டுமல்ல. முந்தைய வாரங்களின் மழை மண்ணின் நுண்துளைகளை நிரப்பி வைத்திருக்கும். துளைநீரின் அமுக்கம் ஏற ஏற மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளரும். கடைசி ஒரு மணி நேர மழை மிச்சத்தை முடித்துவைக்கும். ஆகவே நேற்றுவரை பெய்ததைச் சொல்லும் தோட்டத்து மழைமானியும், அடுத்த ஆறு மணி நேரத்தில் பெய்யப்போவதைச் சொல்லும் நுட்ப மாதிரியும் ஒரே மேசைக்கு வர வேண்டும். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் இலங்கைக்கு மேலால் மெதுவாக நகர்ந்தபோது நாடு முழுதும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் உயிர்களைக் குடித்தவை பெரும்பாலும் மண்சரிவுகளே. புயல் போன்ற பெரிய சுழலை உலக மாதிரியால் நாட்கணக்கில் முன்பே காண முடியும். அது எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு 150-ஐத் தாண்டும் என்பதை 9 கிலோமீற்றர் கட்டத்தால் சொல்ல முடியாது.

மழைமானியை வைத்து முன்கூட்டியே எச்சரிப்பதைச் சாதாரண ஆட்கள் செய்து காட்டிய இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் வயநாட்டில், கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம், விவசாயிகளிடமும் தோட்டங்களிலும் 200-க்கும் அதிகமான மழைமானிகளை வைத்திருக்கிறது. தினமும் ஆட்கள் வாசித்து அனுப்புகிறார்கள். 2024 ஜூலை கடைசியில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த முண்டக்கை, சூரல்மலைப் பக்கத்து மானி ஒன்றில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீற்றர் பதிவானது. 29-ஆம் திகதி காலையிலேயே மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஆபத்தைச் சொல்லிவிட்டது. மலை இடிந்தது 30-ஆம் திகதி அதிகாலையில். நடுவில் ஏறத்தாழ 16 மணி நேரம் இருந்தது. ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மானியின் எளிய தத்துவமே 16 மணி நேர அவகாசத்தைத் தர முடிந்திருக்கிறது. அந்த அவகாசத்தில் யார், எந்த எண்ணைப் பார்த்து, யாரை எழுப்ப வேண்டும் என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் அவகாசம் வீணாகிறது என்பதையும் அதே சம்பவம் காட்டியது.

ஊவாவில் இந்த ஒழுங்கு இன்னும் சிக்கலானது. காணி தோட்டத்துடையது, வீடு தோட்டத்துடையது, அனர்த்த முகாமைத்துவம் மாவட்டச் செயலகத்தின் வேலை, எண்ணோ கொழும்பில். இரவு பதினொரு மணிக்கு 100-ஐத் தாண்டியதைக் கொழும்பிலுள்ள திரை காட்டலாம். பத்தாம் நம்பர் லயத்துக் கதவைத் தட்டப்போவது யார்? அந்தச் செய்தி தமிழில், அதே நிமிடத்தில் வர வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து, பிறகு யாரோ மொழிபெயர்த்து, காலையில் வாட்ஸ்அப்பில் சுற்றுவது எச்சரிக்கை ஆகாது. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு தன்னியக்க மானி, அதன் எண்ணைக் கொழும்புக்கு அனுப்பும் அதே கணத்தில் லயத்துச் சங்கை ஒலிக்கவைக்கும் ஓர் இணைப்பு, சரிபார்ப்பதற்குப் பக்கத்தில் கையால் வாசிக்கும் பழைய மானி ஒன்று, இவை வேண்டும். மின்சாரமும் சிக்னலும் அறுந்துபோகும் இரவுகளில் அந்தக் கைமானிதான் மிஞ்சும். அதுவும் இல்லாத இடத்தில் நேர்ப்பக்கம் கொண்ட ஒரு கண்ணாடி ஜாடியும் பள்ளிப் பிள்ளையின் அளவுகோலும் போதும். வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்தால் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. 75, 100, 150-இல் வர்ணப் பட்டை ஒட்டி முற்றத்தில் வைத்துவிடலாம்.

கடந்த சில வருடங்களில் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்திருப்பதால் இனி மலையில் மானி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கூகுளின் கிராஃப்காஸ்ட், ஹுவாவேயின் பாங்கு, 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய மையம் நாளாந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஏ.ஐ.எஃப்.எஸ். எல்லாமே வியக்கத்தக்க வேகம், பெரிய சுழல்களில் வியக்கத்தக்க துல்லியம். ஆனால் அவை படித்த பாடப்புத்தகம் இ.ஆர்.ஏ.5 என்ற பழைய வானிலை மீள்கணிப்பு. அதன் கட்டம் 31 கிலோமீற்றர். அப்புத்தளைக்கும் பதுளைக்கும் இடைத்தூரத்தைவிடப் பெரியது. கச்சானை உண்டாக்கும் மலை அதில் ஒரு வீக்கம் மட்டுமே. இந்த மாதிரிகளை ஊவாவின் அளவுக்கு இறக்க வேண்டுமானால், உண்மையில் எங்கே என்ன பெய்தது என்று சொல்லும் நீண்ட உள்ளூர்ப் பதிவு வேண்டும்.

அந்தப் பதிவு தோட்ட அலுவலகங்களின் அலுமாரிகளில் கிடக்கிறது. ஓரம் செல்லரித்த, மை மங்கிய, நாள்வாரியான எண்கள். ஒரு தோட்டத்துக்கு எண்பது வருடப் பதிவு இருந்தால் அது ஏறத்தாழ 29,000 வாசிப்புகள். இவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினால் மூன்று வேலைகள் நடக்கும். நுட்ப மாதிரி எந்தப் பள்ளத்தில் வழக்கமாக எவ்வளவு தவறுகிறது என்று கண்டு திருத்தலாம். ஒவ்வொரு சரிவும் எத்தனை மில்லிமீற்றரில் சரிந்தது என்று பழைய மண்சரிவுகளோடு பொருத்தி, நாடு முழுமைக்கும் ஒரே 75, 100, 150 என்றில்லாமல் மலைக்கு மலை எல்லை வகுக்கலாம். 2014 ஒக்டோபர் கடைசி வாரத்தை ஒரு கிலோமீற்றர் கட்டத்தில் திரும்ப ஓட்டி, கொஸ்லந்தைக்கு மேலே அந்த விளிம்பில் மாதிரி எத்தனை மணி நேரம் முன்பு மழையைக் காட்டுகிறது என்று சுற்றுத் தோட்டங்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. மாணவர்கள் தோட்டங்களுக்குப் போய்வரச் சில மணி நேரப் பஸ் பயணம்தான். கறையான் முந்துவதற்குள் தொடங்க வேண்டும்.